கிரைண்டரும் பச்சை ஒயரும்

பல்லாவரத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். குழுக் கடனில் சமையலறையை எடுத்துக் கட்டிய ஓர் அக்கா, "கிரைண்டரைத் தொட்டா சுர்ருங்குது. செருப்பு போட்டுக்கிட்டுதான் மாவு வழிக்கிறேன்" என்று சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த விலையில்லா கிரைண்டர் அது. குறை கிரைண்டரில் மட்டும் இல்லை. எலக்ட்ரீஷியனை வைத்து போர்டைக் கழற்றிப் பார்த்தால், மேலே இருக்கும் பெரிய துளைக்குப் பின்னால் பச்சை ஒயரே காணோம்! அதுதான் எர்த். உள்ளே ஒயர் உரசி கிரைண்டர் உடம்பில் கரண்ட் ஏறினால், அதைத் தரைக்குக் கொண்டுபோவது அந்த ஒயர். அது இல்லாவிட்டால், ஈரக்கையோடு தொடுகிற நம்ம உடம்பு வழியாகத்தான் போகும். மூணாவது பின்னை உடைத்துவிட்டுச் செருகுகிறவர்களுக்கும் இதே கதிதான்.

சமையலறை வேலை நடக்கும்போதே, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால், எர்த் ஒயர் வந்திருக்கிறதா என்று நின்று கேளுங்கள். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக் கருகிவிடும். அதற்கு 16 ஆம்பியர் பிளக்கும் 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரும் வேண்டும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டால், கசிவு வந்ததும் கரண்டை நிறுத்திவிடும்.

அந்த அக்கா புது டைல்ஸ் நாலை உடைத்துத்தான் எர்த் இழுத்தார்.