நூற்று ஐந்தை 1005 என்று எழுதிய தங்கை

என் அக்காள் மகள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு நாள் மாலை நான் எண்களைச் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு என்றேன், 36 என்று எழுதினாள். எண்பது என்றேன், 80. நூற்று ஐந்து என்றேன். கொஞ்சமும் தயங்காமல் 1005 என்று எழுதினாள்.

பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த அவளுடைய அண்ணன் எட்டிப் பார்த்தான். படிவம் 4 மாணவன். “மண்டு! நூற்று ஐந்துகூட எழுதத் தெரியாதா?” என்றான். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். அன்று அதற்குப் பிறகு அவள் அதைத் தொடவே இல்லை.

மாணவர்களே, உங்களில் பலர் வீட்டில் அந்த அண்ணனாகவோ அக்காவாகவோ இருப்பீர்கள். அம்மா சமையலில் இருக்கும்போது, அப்பா வேலை முடிந்து வராதபோது, தம்பி தங்கையின் கணக்கு நோட்டு உங்களிடம்தான் வரும். பள்ளியில் ஆசிரியர் முப்பது பேரைப் பார்க்க வேண்டும். நீங்கள் ஒருவரை மட்டும் பார்த்தால் போதும். ஆகவே இந்த வாரம், 1005 ஏன் வந்தது, அதை எப்படிச் சரிசெய்வது என்று பார்ப்போம்.

முதலில் அவள் செய்ததை நிதானமாகக் கவனியுங்கள். அவளுக்கு 100 தெரியும், 5 தெரியும். காதில் ‘நூறு’ விழுந்தது, 100 எழுதினாள். ‘ஐந்து’ விழுந்தது, பக்கத்தில் 5 எழுதினாள். கேட்டதைக் கேட்ட வரிசையில் எழுதியிருக்கிறாள். முந்நூற்று நாற்பது என்று சொன்னால் 30040 என்று எழுதுவாள். இதைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. கவனக்குறைவு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வரும். இவளுடைய தவறு ஒரே விதியைப் பின்பற்றுகிறது.

அந்த விதி புதியதும் அல்ல. பழைய தமிழ் எண்களில் ௧ முதல் ௯ வரை ஒன்பது குறிகள் உண்டு. அவற்றோடு பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக்குறிகளும் உண்டு. நூற்று ஐந்தை ௱௫ என்று எழுதினார்கள்: நூறு, பக்கத்தில் ஐந்து. 2,435 என்பது ௨௲௪௱௩௰௫. வாய் சொல்வதைக் கை அப்படியே எழுதும். இந்த முறையில் சுழியத்துக்கு வேலையே இல்லை. 205 என்றால் ௨௱௫. பத்துகள் இல்லை, அதனால் பத்தின் குறி வரவில்லை, அவ்வளவுதான். நம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஏறக்குறைய இந்த முறையில்தான் எழுதிக்கொண்டிருந்தாள்.

இன்று நாம் எழுதும் முறை வேறு. 105 என்பதில் ‘நூறு’ என்பதற்குக் குறியே கிடையாது. 1 உட்கார்ந்திருக்கும் இடம்தான் அதை நூறாக்குகிறது. இதுதான் இடமதிப்பு. பேச்சில் ஒலிக்கும் ‘நூறு’ எழுத்தில் காணாமல் போகிறது. பேச்சில் ஒலிக்காத சுழியம் எழுத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஏழெட்டு வயதில் இது ஒரே நாளில் பிடிபடாவிட்டால் வியப்பில்லை. வளர்ந்தவர்களுக்கே இது சுலபமாக வரவில்லை. ரோம எண்களில் பழகிய ஐரோப்பியர்களுக்கு இதை விளக்க, 1202-இல் ஃபிபோனாச்சி ஒரு தடித்த புத்தகமே எழுத வேண்டியிருந்தது.

நம் வட்டாரத்துக்கு இந்த யோசனை அதைவிட மிக முன்னதாகவே வந்துவிட்டது. சுமத்ராவில் பலெம்பாங் அருகே தாலாங் துவோ என்ற இடத்தில் ஸ்ரீவிஜய அரசின் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. மொழி பழைய மலாய். எழுத்து தென்னிந்தியாவிலிருந்து வந்த பல்லவ எழுத்து. அதில் சக ஆண்டு 606 என்று எண்ணில் பொறித்திருக்கிறார்கள். நம் கணக்கில் அது கி.பி. 684. பிரம்மகுப்தர் இந்தியாவில் சுழியத்தைக் கூட்டவும் கழிக்கவும் விதிகள் எழுதியது 628-இல். அதற்கு 56 ஆண்டுகளுக்குள் சுமத்ராவின் ஒரு கல்லில் சுழியம் ஏறிவிட்டது. அந்த 606-ஐத் தங்கைக்கும் காட்டலாம். ஒரே வடிவமுள்ள இரண்டு 6. ஒன்று அறுநூறு, மற்றது வெறும் ஆறு. நடுவில் இருக்கும் சுழியத்தை அழித்துவிட்டால் 66 ஆகிவிடும். அது இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதால்தான் முதல் 6 அறுநூறாக இருக்கிறது.

நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அவர்கள் மூன்று மொழிகளில் எண்ணுகிறார்கள். தமிழில் பதினேழு என்றால் முதலில் பத்து ஒலிக்கும், பிறகு ஏழு. எழுதுவதும் அதே வரிசையில்தான். மலாயில் ‘துஜோ பெலாஸ்’ என்றால் ஏழு முதலில் வருகிறது. ஆங்கிலத்தில் ‘செவன்டீன்’ என்பதும் அப்படியே. மலாயில் கேட்டு 17-ஐ 71 என்று எழுதும் பிள்ளை காதை நம்பித்தான் எழுதுகிறது. ஆனால் ‘டுவா புலோ துஜோ’ என்று 27-க்கு வந்ததும் வரிசை நேராகிவிடுகிறது!

தமிழிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒன்பது என்ற சொல் எழுபது, எண்பது போல ஒலிக்கிறது, மதிப்போ 9. தொண்ணூறு என்பதில் நூறு ஒலிக்கிறது, மதிப்பு 90. தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது, மதிப்பு 900. மூன்றுமே தமக்கு அடுத்த பெரிய அலகின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கின்றன. தொண்ணூற்று நான்கை ஒரு பிள்ளை 904 என்று எழுதினால், திட்டுவதற்கு முன் அந்தச் சொல்லை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

சரி, தங்கைக்கு இடமதிப்பு புரிந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கல்வி ஆய்வாளர் கான்ஸ்டன்ஸ் கமீ பரவலாக அறியச் செய்த சோதனை ஒன்று உண்டு. ஐந்து நிமிடம் போதும். 16 பொத்தான்களை எண்ணி வைக்கச் சொல்லுங்கள். காகிதத்தில் 16 என்று எழுதச் சொல்லுங்கள். 6-ஐச் சுற்றி வட்டம் போட்டு, “இந்த இலக்கம் எந்தப் பொத்தான்களைக் குறிக்கிறது?” என்று கேளுங்கள். ஆறு பொத்தான்களைத் தள்ளி வைப்பாள். இப்போது 1-ஐச் சுற்றி வட்டம் போட்டு அதே கேள்வியைக் கேளுங்கள். பல பிள்ளைகள் ஒரே ஒரு பொத்தானைக் காட்டுவார்கள். பத்து இடம், ஒன்று இடம் என்று பாடப்புத்தகத்தில் சரியாக நிரப்பியவர்களும் அப்படிக் காட்டுவதுண்டு. மீதி ஒன்பது பொத்தான்கள் கேட்பாரற்று மேசையில் கிடக்கும். உடனே திருத்த வேண்டாம். “அப்படியென்றால் இந்த ஒன்பதும் எங்கே போகும்?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். காத்திருப்பதுதான் கஷ்டம், எனக்கும்தான்.

இதற்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை. நூறு, நூற்றைம்பது ஐஸ்கிரீம் குச்சிகளும் ரப்பர் பேண்டுகளும் போதும். உறிஞ்சு குழாய்களைப் பாதியாக வெட்டியும் வைத்துக்கொள்ளலாம். பத்துக் குச்சி சேர்ந்தால் ஒரு கட்டு. பத்துக் கட்டு சேர்ந்தால் ஒரு பெரிய கட்டு. கட்டுவதை அவளே செய்ய வேண்டும். நீங்கள் முன்கூட்டியே கட்டி வைத்தால் பாடம் பாதி போய்விடும். கையில் ஒரு கட்டு இருக்கும்போது அது ஒன்று, அவிழ்த்தால் பத்து. ஒரே பொருள் ஒரே நேரத்தில் ஒன்றாகவும் பத்தாகவும் இருக்க முடியும் என்பதைக் கை நம்பிய பிறகுதான் மனம் நம்பும். கணித மேதை ஸோல்டான் டீனஸ் வடிவமைத்த கட்டைகள், அதாவது பள்ளிகளில் இருக்கும் சிறு கனசதுரம், பத்தின் கோல், நூறின் தட்டு எல்லாம் இதே வேலையைச் செய்பவைதான். ஆனால் கோலை அவிழ்க்க முடியாது. குச்சிக் கட்டை அவிழ்க்கலாம்.

ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: நூறு, பத்து, ஒன்று. நூற்று ஐந்தைக் குச்சியில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு பெரிய கட்டு, ஐந்து தனிக் குச்சிகள். நடுக்கட்டம் காலி. எங்கள் வீட்டுப் பிள்ளை அந்தக் காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இங்கே எதுவும் இல்லை என்று காகிதத்துக்கு எப்படிச் சொல்வது?” என்று கேட்டேன். 1 எழுதினாள், 0 எழுதினாள், 5 எழுதினாள். பிறகு தன் பழைய 1005-ஐப் பார்த்து, “இதில் ஆயிரம் வந்துவிட்டது மாமா” என்றாள்.

அடுத்த நாளே மறந்துவிடுவாள், அது இயல்பு. அதற்கு ஒரு சீட்டு வேலை உண்டு. நீளமான அட்டையில் 100, அதைவிடக் குட்டையான அட்டையில் 40, இன்னும் குட்டையில் 5 என்று எழுதுங்கள். எல்லாச் சுழியமும் இலக்கமும் ஒரே அகலத்தில் இருக்கட்டும். வலது ஓரம் பொருந்தும்படி 100-இன் மேல் 5-ஐ வைத்தால் 105 தெரியும். கடைசிச் சுழியம் அடியில் ஒளிந்துகொள்ளும். நடுவில் 40-ஐயும் செருகினால் 145. ஐந்து, சுழியத்தின் பக்கத்தில் உட்காராமல் அதன் மேல் உட்காருகிறது. 1005 என்ற தவறுக்கு இதைவிட நேரான மருந்தை நான் பார்த்ததில்லை.

கழித்தலுக்கு வந்தால் பணம் நல்ல துணை. 503 – 267 என்ற கணக்கைப் பல பிள்ளைகள் 364 என்று முடிப்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடுவார்கள். நாமோ, “பக்கத்து வீட்டில் கடன் வாங்கு” என்போம். பக்கத்தில் இருப்பது சுழியம், அவனிடமே ஒன்றுமில்லை! கடன் என்று சொல்லிவிட்டு யாரும் திருப்பித் தருவதுமில்லை. இதைச் சில்லறை மாற்றுவது என்று சொல்லிப் பாருங்கள். காகிதத்தில் நோட்டு வெட்டி வைத்து விளையாடலாம். உன்னிடம் ஐந்து 100 ரிங்கிட் நோட்டும் மூன்று 1 ரிங்கிட் நோட்டும் இருக்கின்றன. 267 ரிங்கிட் தர வேண்டும். ஒரு நூறை மாற்றினால் பத்து 10 ரிங்கிட். அதில் ஒன்றை மாற்றினால் பத்து 1 ரிங்கிட். இப்போது கையில் நான்கு நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒன்று. மொத்தம் அதே 503தான், ஒரு சென்னும் குறையவில்லை. எடுத்துக் கொடு: மீதி 236.

ஆனால் குச்சிக்கு முன் பணத்துக்குப் போகாதீர்கள். பத்து ரிங்கிட் நோட்டு ஒரு ரிங்கிட் நோட்டைவிடப் பத்து மடங்கு பெரிதாக இருப்பதில்லை. அதன் மதிப்பை நம்பத்தான் வேண்டும். கட்டின் மதிப்பை அவிழ்த்து எண்ணிப் பார்க்கலாம்.

அந்த அண்ணன் கதையை முடிக்கவில்லையே. அவனிடம் நான் ஒரு கணக்குக் கொடுத்தேன். நீங்கள் படிவம் 4-இல் படிக்கும் ‘அசாஸ் நோம்போர்’ பாடம்தான். அடிமானம் ஐந்தில் 34 + 23 எவ்வளவு? உடனே 57 என்றான். அடிமானம் ஐந்தில் 5, 7 என்ற இலக்கங்களே கிடையாது; 0 முதல் 4 வரைதான். தங்கையின் குச்சிகளை நகர்த்தி அவன் முன்னால் வைத்தேன். இந்த முறை ஐந்து ஐந்தாகக் கட்ட வேண்டும். 4-உம் 3-உம் சேர்ந்தால் ஏழு குச்சி: ஒரு கட்டு, மீதி 2. மூன்று கட்டும் இரண்டு கட்டும் புதிய ஒரு கட்டும் சேர்ந்தால் ஆறு கட்டு: ஒரு பெரிய கட்டு, மீதி ஒரு கட்டு. விடை 112. நம் வழக்கமான எண்ணில் 19 + 13 = 32; ஒரு இருபத்தைந்து, ஒரு ஐந்து, இரண்டு ஒன்று. அவன் இரண்டு முறை கட்டி அவிழ்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டான். நான் அவனை மண்டு என்று சொல்லவில்லை; தங்கை சொன்னாள்.

நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். அடிமானம் ஐந்தில் 243 + 132. பேனாவை ஒதுக்கிவிட்டுக் குச்சியில் செய்யுங்கள். சரியாகக் கட்டினால் 430 வரும். கடைசிச் சுழியம் ஏன் அங்கே நிற்கிறது என்பதை உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ குச்சியைக் காட்டி விளக்குங்கள்.