பிட்டுத் துணியில் போர்வை: தைப்பதற்கு முந்தின நாள் வேலை

எந்த டெய்லர் கடைக்குப் போனாலும் மெஷினுக்குப் பக்கத்துல ஒரு மூட்டை இருக்கும். ஜாக்கெட், சுடிதார், சட்டை வெட்டினது போக மிஞ்சின பிட்டுத் துணி. விழுப்புரமோ திண்டிவனமோ, தெரிஞ்ச டெய்லரா இருந்தா ஒரு பை நிறையக் கொடுத்துடுவாங்க. அதை ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைக்கலாம்னு நம்ம காலேஜ்லயே சிலர் கிளம்பியிருக்காங்க. நல்ல விஷயம்தான். ஆனா பலரும் வீடியோ பார்த்த கையோட நேரா மெஷின்ல உட்கார்ந்துடுறாங்க. இந்தக் கட்டுரை அதுக்கு முந்தின நாள் செய்ய வேண்டிய வேலையைப் பத்தினது.

பிட்டுத் துணிக்கு மதிப்பு உண்டுன்னு நம்ம மாவட்டத்துலயே காட்டியிருக்காங்க. வானூர் பக்கம் இருக்கிற ஆரோவில்லில், 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனம் மீனவப் பெண்களுக்கு மிச்சத் துணியில் குட்டி பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. அதுதான் ‘சுனாமிகா’. விற்பனைக்கு இல்லாமல் அன்பளிப்பாகவே பல நாடுகளுக்குப் போன பொம்மை அது. ஆனா பொம்மையை யாரும் வாராவாரம் துவைக்க மாட்டாங்க. போர்வையைத் துவைச்சே ஆகணும். சிக்கல் அங்கதான் ஆரம்பிக்குது.

பாட்டி ஏன் எதையும் தயார் பண்ணல?

நம்ம வீடுகள்ல பிறந்த குழந்தைக்குப் பழைய காட்டன் சேலையை மடிச்சுத்தான் விரிப்பாங்க. வங்காளத்து காந்தா, கர்நாடகாவில் சித்தி சமூகப் பெண்கள் தைக்கிற கவந்தி எல்லாமே பழைய துணியில் வந்தவைதான். பல வருஷம் துவைச்ச துணி சுருங்க வேண்டியது சுருங்கி, போக வேண்டிய சாயம் போய், மெத்துனு ஆகியிருக்கும். புது பிட்டு அப்படி இல்ல. பழைய சேலைக்குப் பல வருஷத்துல நடந்ததை நாம ஒரே நாள்ல நடத்தணும்.

1. பிரிக்கிறது

முதல்ல காட்டன், டெரிகாட்டன், பட்டுன்னு தனித்தனியா வைங்க. சந்தேகம் இருந்தா ஒரே ஒரு நூலை இடுக்கியில் பிடிச்சு, தண்ணிக் குழாய் பக்கத்துல கொளுத்திப் பாருங்க. காட்டன் காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, கெட்டியான மணி ஆகும். புதுக் காட்டன் 5 சதவீதம் வரை சுருங்கலாம். பாலியஸ்டர் கிட்டத்தட்ட சுருங்காது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல தைச்சா முதல் துவையல்லயே இழுத்துக்கும். சிறுவந்தாடு பட்டு பிட்டு கிடைச்சா குஷன் உறைக்கு வைங்க, குழந்தைப் போர்வைக்கு வேண்டாம்.

2. சாயம் பார்க்கிறது

எங்க தெருவுல தையல் வேலை பார்க்கிற ஒரு அக்கா குழந்தைப் போர்வைக்கு ஆர்டர் எடுத்தாங்க. தைக்க ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. வாங்கினவங்க துவைச்சதும் ஒரு சிவப்பு பிட்டு சாயம் விட்டு, சுத்தி இருந்த வெள்ளையெல்லாம் ரோஸ் ஆயிடுச்சு. போர்வை திரும்ப வந்தது, பணமும் திரும்பப் போனது. ஒரு வார உழைப்பு ஒரே ஒரு பிட்டால போச்சு.

இதைத் தடுக்க ரெண்டு நிமிஷம் போதும். ஈரமான வெள்ளைத் துணியை பிட்டு மேல வச்சு அழுத்தித் தேயுங்க. நிறம் ஒட்டினா அதைத் தனியா, சோப்பு கலந்த சூடான தண்ணியில அலசுங்க. தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப அலசணும். வினிகர் போட்டா சாயம் நிக்கும்னு சொல்வாங்க. காட்டனுக்கு அதிகம் பயன்படுத்துற ரியாக்டிவ் சாயத்துக்கு அது உதவாது; நூலோட பிணையாத சாயத்தை வெளியேத்துறது மட்டும்தான் வழி. நாலஞ்சு தடவைக்குப் பிறகும் நிறம் விட்டா அந்த பிட்டை ஒதுக்கிடுங்க.

3. அலசுறது

கோணல்மாணலான பிட்டா இருந்தா முதல்ல அலசிட்டு அப்புறம் வெட்டுங்க. ஏற்கனவே சதுரமா வெட்டி பாக்கெட்ல வர்ற துணி வேற. 5 அங்குலச் சதுரம் ‘சார்ம் பேக்’, 10 அங்குலம் ‘லேயர் கேக்’, இரண்டரை அங்குலப் பட்டை ‘ஜெல்லி ரோல்’. பேரைக் கேட்டா பேக்கரி மாதிரி இருக்கும், ஆனா தையல் கடைச் சரக்குதான். இதை வாஷிங் மெஷின்ல போட்டா ஓரம் பிரிஞ்சு, அளவு குறைஞ்சு வரும். 5 அங்குலத்துல 5 சதவீதம்னா கால் அங்குலம் காலி. அதனால சாயச் சோதனையில் தேறினா அலசாமலே தைக்கலாம். ஆனா எல்லாமே அலசாததா இருக்கணும். அலசினது, அலசாதது ரெண்டையும் கலக்காதீங்க. அலசியே ஆகணும்னா வலைப் பையில் போட்டு ஊற வைங்க, முறுக்கிப் பிழியாதீங்க. டவல்ல ஒத்தி, நிழல்ல காய வைங்க.

4. கஞ்சியும் இஸ்திரியும்

அலசின பிட்டு தொளதொளன்னு ஆகும். சோறு வடிச்ச கஞ்சியை வடிகட்டி, தண்ணி கலந்து முக்கி எடுங்க. லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்க. பெட்டியை இழுத்துத் தேய்க்காம, தூக்கித் தூக்கி வச்சு அழுத்தணும். பாவு, ஊடை திசையில் துணி அவ்வளவா நீளாது. கிராஸ்ல இழுத்தா ரப்பர் மாதிரி நீளும். கஞ்சி அந்த இழுவையைக் கட்டுப்படுத்தும். கஞ்சித் துணியைப் பூச்சி அரிக்கும், அதனால சீக்கிரம் தைச்சுடுங்க.

5. வெட்டுறது

நம்ம லேப்ல படிச்ச டாலரன்ஸ் கணக்கு இங்கேயும் வரும். 5 அங்குலச் சதுரத்துல ரெண்டு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனா 4.5 அங்குலம் மிஞ்சும். வரிசைக்கு 12 சதுரம்னா 54 அங்குலம். ஒவ்வொண்ணும் வெறும் 1/16 அங்குலம் கூடினாலே அந்த வரிசை முக்கால் அங்குலம் நீளும். அடுத்த வரிசையோட மூலை சேராது. அதனால ஒரே அட்டை அச்சு, ஒரே ஸ்கேல். ஒவ்வொரு தடவையும் முதல் அட்டையை வச்சே வெட்டுங்க, வெட்டின துணியை வச்சு அடுத்ததை வெட்டாதீங்க. பாக்கெட் துணியில் ஓரம் ஜிக்ஜாக்கா இருந்தா, பல்லோட நுனியில் இருந்து அளந்தா 5 வருதா, குழியில் இருந்து அளந்தா வருதான்னு பார்த்து, எது வருதோ அதையே கடைசி வரை பிடிச்சுக்குங்க.

தைச்சு முடிச்சு யாருக்காவது கொடுக்கிறதா இருந்தா, முதல் துவையலை நீங்களே போட்டுட்டுக் கொடுங்க. கஞ்சியும் போகும், ஏதாவது சாயம் விட்டா அது உங்க பக்கெட்லயே தெரிஞ்சுடும்.