பந்தயம் முடிந்த பின் படிக்கும் பாடம்

விடைத்தாள் கைக்கு வந்ததும் நம்மில் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது மொத்த மதிப்பெண்ணைத்தான். அடுத்தபடியாகப் பக்கத்தில் இருக்கும் தோழியின் மதிப்பெண்ணை. பிறகு தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறோம். எந்தக் கணக்கில், எந்த வரியில் தவறினோம் என்று திருப்பிப் பார்ப்பவர் மிகச் சிலரே. விளையாட்டு மைதானத்திலும் இதே கதைதான். முதலிடம் யாருக்கு, இரண்டாமிடம் யாருக்கு என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டால் கூட்டம் கலைந்துவிடும். ஸ்டாப் வாட்ச் காட்டிய எண்கள் யாருக்கும் பயன்படாமல் அழிந்துபோகும்.

அந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை அறிய, ஒரே நாளில் நடைபெறும் மிகக் கடினமான பந்தயங்களுள் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவேளையின்றி அடுத்தடுத்துச் செய்யும் போட்டிக்கு டிரையத்லான் என்று பெயர். அதில் நெடுந்தூர வகைக்கு அயன்மேன், அதாவது இரும்பு மனிதர், என்பது வழக்கமான பெயர். சுமார் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்பின் 42.2 கிலோமீட்டர் முழு மாரத்தான். ஈர உடையை மாற்றும் நேரத்திலும் காலணிக் கயிற்றைக் கட்டும் நேரத்திலும் கடிகாரம் நிற்பதில்லை. காலை 7 மணிக்குத் தொடங்கினால் நள்ளிரவு 12 மணிக்குள், அதாவது 17 மணி நேரத்துக்குள், முடித்தாக வேண்டும். ஒரு விநாடி தாண்டினாலும் முடித்தவர் பட்டியலில் பெயர் ஏறாது.

இப்பந்தயம் முதன்முதலாக 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹுவில் நடந்தது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் இதைத் தொடங்கி வைத்தவர்கள். புறப்பட்டவர் 15 பேர், முடித்தவர் 12 பேர். கார்டன் ஹாலர் என்பவர் 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்த ஜான் டன்பார் அரை மணி நேரத்துக்கு மேல் பின்தங்கினார். அவருக்கு வழித்துணையாக வந்த நண்பர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய், அதற்குப் பதிலாகப் பீர் கொடுத்தார்களாம்! இதை நம் ஆண்டு மலரில் எழுதலாமா என்று சற்றே தயங்கினோம். ஆயினும் நேரப்பட்டியலில் தெரியாத ஒரு காரணம் அங்கே ஒளிந்திருப்பதால் எழுதிவிட்டோம்.

இனி 1982 பிப்ரவரிப் பந்தயத்துக்கு வருவோம். ஜூலி மாஸ் என்ற 23 வயதுக் கல்லூரி மாணவி அதில் கலந்துகொண்டார். அவர் பெரிய வீராங்கனை அல்லர். உடற்பயிற்சி பற்றிய தம் பட்டப்படிப்பு ஆய்வுக் கட்டுரைக்குத் தகவல் திரட்டவே அவர் பந்தயத்தில் சேர்ந்தார். ஆனால் எவரும் எதிர்பாராத வகையில் பெண்களுள் முன்னணிக்கு வந்துவிட்டார். மாரத்தான் முடியும் தறுவாயில் அவருடைய கால்கள் தளர்ந்தன. விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். முடிவுக் கோடு சில கெஜ தூரத்தில் இருக்கையில் அவரால் எழவே இயலவில்லை. அந்த நேரத்தில் கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து சென்று கோட்டைத் தொட்டார். தாம் முதலாவதாக வந்திருக்கிறோம் என்பது அப்போது மெக்கார்ட்னிக்கே தெரியாது! ஜூலியோ கைகளாலும் முழங்கால்களாலும் தவழ்ந்து வந்து கோட்டின் மீது கையை வைத்தார். தொலைக்காட்சியில் இதைக் கண்ட அமெரிக்க மக்கள் கண்கலங்கினர் என்பர்.

நேரப்பட்டியலைப் பார்ப்போம். மெக்கார்ட்னி 11 மணி 9 நிமிடம் 40 விநாடி. ஜூலி 11 மணி 10 நிமிடம் 9 விநாடி. வேறுபாடு 29 விநாடி. பதினொரு மணி நேரம் என்பது ஏறத்தாழ 40,000 விநாடி. அதில் 29 என்பது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மாரத்தானில் மட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு விநாடி மிச்சப்படுத்தியிருந்தால் 42 விநாடி கிடைத்திருக்கும், அவரே வென்றிருப்பார். அப்படியானால் அவர் தோற்றது கடைசிச் சில கெஜத்திலா? பார்த்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் எண்ணினர். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. உடலின் சேமிப்பு முழுதும் அதற்கு முன்பே கரைந்துபோயிருந்தது. விழுந்தது கடைசியில், செலவழிந்தது முன்னால்.

இது நமக்கு எட்டாத சங்கதி அன்று. எங்கள் வகுப்பில் ஒருத்தி விளையாட்டு விழாவில் 800 மீட்டர் ஓடினாள். நம் மைதானத்தில் அதற்கு 4 சுற்று. மூன்றாமிடம் பெற்றுக் கண்ணீருடன் வந்து, “கடைசிச் சுற்றில் கோட்டை விட்டேன்” என்றாள். நல்ல வேளையாக ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் குறித்து வைத்திருந்தோம். முதற்சுற்று 38 விநாடி, இரண்டாவது 43, மூன்றாவது 50, நான்காவது 54. மொத்தம் 185. கைத்தட்டலில் மயங்கிப் பறந்த அந்த 38 விநாடிதான் 54-ஐப் பெற்றெடுத்தது. இரண்டு வாரம் கழித்து மாலையில் அவளை மீண்டும் ஓடச் சொன்னோம். 46, 46, 47, 43. கூட்டினால் 182. “பார்த்தாயா!” என்று துள்ளினோம். விளையாட்டு ஆசிரியை மட்டும் புன்னகைத்து, “விழா அன்று பகல் 2 மணி வெயில். இன்று மழை பெய்து ஓய்ந்த மாலை. எந்தக் காரணத்தால் 3 விநாடி குறைந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. இந்தக் கேள்வியைப் பின்னரும் நினைவுகூர வேண்டிவரும்.

உடலின் சேமிப்பு என்றோமே, அது யாது? நாம் உண்ணும் சோறு, இட்லி போன்றவற்றின் மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி, தசைகளிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற பொருளாகத் தங்குகிறது. இது அடுப்பில் சுள்ளி போன்றது, சட்டென்று பற்றி எரியும். கொழுப்பு பருத்த விறகுக்கட்டை போன்றது. ஏராளமாக இருந்தாலும் மெல்லத்தான் எரியும். கிளைகோஜன் கையிருப்பு சுமார் 2,000 கலோரி அளவே. 50 கிலோ எடையுள்ள ஒருத்தி ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 50 கலோரி வேண்டும். மாரத்தானுக்கு மட்டும் 2,100 என்று ஆகிறது. அதற்கு முன்னாலோ நீச்சலும் சைக்கிளும் இருக்கின்றன! வேகம் கூடக்கூடச் சுள்ளியின் செலவும் கூடுகிறது. ஆகவே போகும் வழியிலேயே உண்ண வேண்டும். ஆனால் குடல் மணிக்குச் சுமார் 60 கிராம் குளுக்கோஸைத்தான் உறிஞ்சும். பழச்சர்க்கரையும் கலந்து பழகியவர்க்கு 90 கிராம் வரை இயலும். ஒரு மணி நேரம் உண்ணத் தவறிவிட்டு அடுத்த மணியில் இரட்டிப்பாக உண்டு ஈடுகட்ட முடியாது. வயிறு மறுத்துவிடும். மூளைக்கும் குளுக்கோஸ் வேண்டியிருப்பதால் இறுதியில் கால் மட்டுமன்று, புத்தியும் தடுமாறுகிறது.

இதையெல்லாம் அறியாத புதியவர்தாம் தவறுவார் என்று எண்ணிவிடக் கூடாது. பவுலா நியூபி-ஃபிரேசர் தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தவர். 1986 முதல் 1994 வரை ஹவாயில் ஏழு முறை வென்ற அரசி. 1995-இல் சைக்கிளை விட்டு இறங்கும்போது கேரன் ஸ்மையர்ஸைவிடப் பத்து நிமிடங்களுக்கு மேல் முந்தியிருந்தார். ஓட்டத்தில் ஸ்மையர்ஸ் நெருங்கி வருகிறார் என்ற செய்தி காதுக்கு எட்டியது. சில விநாடிகளை மிச்சப்படுத்த, வழியிலிருந்த தண்ணீர்ப் பந்தல்களில் நிற்காமல் ஓடினார். முடிவுக் கோட்டுக்குக் கால் மைல் தூரம் இருக்கையில் தள்ளாடினார். ஸ்மையர்ஸ் கடந்து போனார். பவுலா சாலையிலேயே சாய்ந்துவிட்டார். ஏறத்தாழ 20 நிமிடம் கழித்து எழுந்து நடந்து, நான்காவதாக முடித்தார்.

பந்தலில் நின்றால் 10 விநாடி போகும். நில்லாததால் போனதோ 20 நிமிடம். எனினும் இத்தோடு ஆராய்ச்சியை நிறுத்தியிருந்தால் அது பாதி உண்மையே ஆகும். பவுலா மேலும் பின்னோக்கிச் சென்று பார்த்தார். அந்த ஆண்டு தமக்குப் பழக்கமான அளவைவிட மிகுதியாகப் பயிற்சி செய்து, போதிய ஓய்வின்றிப் பந்தயத்துக்கு வந்ததைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஏழு முறை வென்றவர் “நான் அளவுக்கு மீறி உழைத்தேன், அது தவறு” என்று ஒப்புக்கொள்வது எளிதன்று. சோம்பல் தவறு என்று ஒப்புக்கொள்ள நமக்குப் பழக்கம் உண்டு. உழைப்பும் தவறாகக்கூடும் என்பதைத் தேர்வுக்கு முந்தின இரவு முழுதும் கண்விழித்துப் படித்தவர்கள் மட்டும் அறிவர். மறு ஆண்டு, 1996-இல், பவுலா திரும்பி வந்து எட்டாம் முறையாக வென்றார்.

தண்ணீரைப் பற்றித் தாய்மார்களும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது மிக எளிய சோதனை. முன் எடை 50 கிலோ, ஒரு மணி நேரம் ஓடிய பின் 49.3 கிலோ, இடையில் குடித்தது அரை லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 0.7, குடித்தது 0.5. ஆக, வியர்வையாகப் போனது சுமார் 1.2 லிட்டர். அடுத்த முறை எவ்வளவு குடிக்கலாம் என்பதற்கு இக்கணக்கு வழிகாட்டும். “நிறையக் குடி, நிறையக் குடி” என்று வற்புறுத்துவதும் சரியன்று. நெடுந்தூரப் பந்தயம் முடித்தவருடைய எடை கூடியிருந்தால் அவர் தேவைக்கு மேல் குடித்திருக்கிறார் என்று பொருள். இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து நேரலாம். மயங்கி விழுந்தவரைக் கண்டதும் தண்ணீர்ச் செம்புடன் ஓடுமுன் இதை நினைக்க வேண்டும்.

இந்நாளில் மணிக்கட்டுக் கடிகாரமே இதயத் துடிப்பையும் வேகத்தையும் எழுதி வைக்கிறது. சைக்கிள் மிதிகட்டையில் கால் செலுத்தும் விசையை அளக்கும் கருவியும் உண்டு. இவை நல்லவையே. ஆனால் கருவி காட்டுவதைக் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாகாது. வெயிலில் நெடுநேரம் ஒரே வேகத்தில் ஓடினாலும் இதயத் துடிப்பு சிறிது சிறிதாக ஏறும். வியர்வையால் இரத்தத்தின் அளவு குறைவதும், உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்குப் பாய்வதும் இதற்குக் காரணங்கள். எண்ணை மட்டும் பார்ப்பவர் “வேகமாக ஓடிவிட்டேன்” என்று தவறாக முடிவுகட்டுவார். ஆகையால் நேரத்துக்கு எதிரே என்ன உண்டோம், வெயிலா காற்றா, மனம் எப்படி இருந்தது என்றும் அன்றிரவே எழுதிவிடுவது நல்லது. மறுநாள் பாராட்டும் ஆறுதலும் கேட்டபின் நம் நினைவு மாறிவிடுகிறது.

நம் கன்னியர்களுக்கு மகிழ்வூட்டும் செய்தி ஒன்றைக் கடைசிக்கென்று வைத்திருந்தோம். அருட்சகோதரி மடோனா பியூடர் 1930-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். இளவயதில் நல்லாயன் சபையில் சேர்ந்து துறவு பூண்டார். 1970-இல் அச்சபையை விட்டுக் கிறிஸ்தவ சமூகத்துக்கான சகோதரிகள் என்ற அமைப்பில் இணைந்தார். 48-ஆம் வயதில், ஒரு குருவானவர் ஓட்டத்தின் நன்மையை எடுத்துச் சொல்ல, ஓடத் தொடங்கினார். 52-இல் முதல் டிரையத்லான், 55-இல் முதல் அயன்மேன். ‘இரும்புக் கன்னியாஸ்திரி’ என்றே அவரை அழைத்தனர். முதிய பெண்களுக்கென்று வயதுப் பிரிவுகள் அதுவரை இல்லாததால், அவர் வயது ஏற ஏறப் புதிய பிரிவுகளைத் திறக்க வேண்டியதாயிற்று!

அவருடைய மூன்று நேரங்களை வரிசையாக எழுதுவோம். 2005-இல் ஹவாயில், 75 வயதில், 15 மணி 54 நிமிடம் 16 விநாடி. 2006-இல் அதே இடத்தில், 76 வயதில், 16 மணி 59 நிமிடம் 3 விநாடி. 2012 ஆகஸ்டில் கனடாவில், 82 வயதில், 16 மணி 32 நிமிடம். முதல் இரண்டை மட்டும் பார்ப்பவர், வயதாகிவிட்டது, ஒரே ஆண்டில் 1 மணி 4 நிமிடம் 47 விநாடி குறைந்துவிட்டார், இனி இவரால் ஆகாது என்று தீர்ப்பு எழுதிவிடுவார். மூன்றாவது எண் அந்தத் தீர்ப்பைக் கிழித்துப் போடுகிறது. ஆறு ஆண்டு கழித்து 27 நிமிடம் விரைவாக முடித்திருக்கிறார். அப்படியென்றால் 82-இல் 76-ஐவிட வலிமை பெற்றார் என்று சொல்லலாமா? அதுவும் இயலாது. ஹவாயில் கடலில் நீந்தி, எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை வெளியில் எதிர்காற்றிலும் வெக்கையிலும் செல்ல வேண்டும். கனடாவில் ஏரியில் நீந்தி, மலைப்பாதையில் ஏறி இறங்க வேண்டும். எங்கள் ஆசிரியை கேட்ட கேள்வி இங்கும் நிற்கிறது. இடமும் நாளும் வேறானால், எண்ணோடு எண்ணை நேராக நிறுத்தி ஒப்பிட இயலாது.

2006-ஆம் ஆண்டின் எண்ணை மட்டும் மறுபடி பாருங்கள். 17 மணி முடிய மிச்சம் இருந்தது 57 விநாடி. சைக்கிளிலிருந்து இறங்கி ஓட்டக் காலணி மாற்றும் இடத்தில் இன்னும் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தாலும், அவ்வளவு தூரம் கடந்தும் அவர் பெயர் பட்டியலில் ஏறியிராது. வென்றவரின் எண்களைவிட இந்த எண்ணில்தான் எங்களுக்கு அதிகம் கற்க இருந்தது.

சகோதரி கனடாவில் முடித்த அதே 2012-ஆம் ஆண்டு அக்டோபரில், ஜூலி மாஸும் கேத்லீன் மெக்கார்ட்னியும் முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஹவாய்ப் பந்தயத்துக்கு மீண்டும் வந்தனர். இம்முறை தோழியராக.