காரைக்காலில் வலையமைப்பைக் காக்கும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

வலைத்தளம், வலையமைப்பு இரண்டுமே உன் பொறுப்பில் வந்துவிட்டன என்று எழுதியிருந்தாய். காரைக்கால் போன்ற ஊர்களில் அப்படித்தான். பக்கத்துக்கு நிறம் தேர்வதும் மாடியில் கேபிள் இழுப்பதும் ஒரே ஆளின் வேலை. இரண்டு இடத்திலும் நிறம் உன்னை ஏமாற்றக்கூடும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

திரையில் தெரியும் நிறம் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் கலவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை அளவு. ஆக மொத்தம் 1,67,77,216 நிறங்கள். இவ்வளவில் எதை எடுத்தாலும் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டை முதலில் பார். வலை அணுகல் நெறிகள் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதம் கேட்கின்றன. வெள்ளையில் கறுப்பு 21. வெள்ளையில் மஞ்சள் வெறும் 1.07. வெள்ளையில் #767676 என்ற சாம்பல் தேறும், ஒரு படி வெளுத்த #777777 தேறாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வெப்எய்ம் தளத்தின் கான்ட்ராஸ்ட் செக்கரில் இரு நிற எண்களைக் கொடுத்தால் விகிதத்தை உடனே காட்டும்.

ஆனால் தமிழ் எழுத்துக்கு 4.5 போதாது என்பேன். புள்ளி மங்கினால் 'க்' என்பது 'க' ஆகிவிடும். சுழி மங்கினால் ணகரமும் னகரமும் குழம்பும். சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு வரும் பெரியவர் நளதீர்த்தக் கரை வெயிலில் நின்று கைபேசியில் தரிசன நேரம் தேடும்போது மெல்லிய சாம்பல் எழுத்து அவருக்குத் தெரியவே தெரியாது. நீ 7-க்குக் குறையாமல் வை. பிழையைச் சிவப்பால் மட்டும் காட்டாதே, 'பிழை' என்று எழுதியும் வை. சிவப்பு பச்சை பிரித்தறியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

கேபிளுக்கு வருகிறேன். ஈதர்நெட் கேபிளின் எட்டுக் கம்பிகளை அடுக்கும் 568பி நிற வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. புதிதாகக் கிரிம்ப் செய்பவர்கள் பச்சைக்குப் பக்கத்தில் பச்சை, நீலத்துக்குப் பக்கத்தில் நீலம் என்று அழகாக அடுக்கிவிடுவார்கள். இரு முனையும் ஒரே மாதிரி இருப்பதால் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் 3, 6 ஆகிய இரு பின்களும் சேர்ந்து ஒரே சமிக்ஞைக்கு உரியவை. அவை ஒரே முறுக்குச் சோடியில் இருந்தால்தான் வெளி இரைச்சல் அடங்கும். சோடி பிரிந்த கேபிள் மேசைக்குப் பக்கத்தில் வேலை செய்யும், நீளம் கூடினால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். மலிவான டெஸ்டரின் பச்சை விளக்கு கம்பி தொடர்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது.

இணையக் கருவிகளின் பச்சை டிக்கும் அப்படித்தான். டிஎன்எஸ் சோதனைத் தளம் உலக வரைபடம் முழுக்கப் பச்சை காட்டலாம். அது அந்தந்த ஊர்ச் சர்வர்களின் பதில். உன் லைனின் பதில் அல்ல. தளத்தின் ஐபி முகவரியை மாற்றப் போகிறாய் என்றால், பழைய டிடிஎல் (பதிலைச் சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 86,400 விநாடியாக இருக்கும்பட்சத்தில் அதை ஒரு நாள் முன்பே 300-க்குக் குறைத்துவிடு. மாற்றிய பிறகு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. தளம் திறக்கவில்லை என்று போன் வந்தால் உள்ளிருந்து பிங், டிரேஸ்ரூட் இரண்டையும் பார். பிறகு உன் மொபைல் டேட்டாவிலிருந்து பார். இரண்டு பதில்களும் வேறுபடும் இடத்தில்தான் கோளாறு இருக்கும். சான்றிதழைச் சோதிக்க எஸ்எஸ்எல் லேப்ஸ் நல்லது. கடவுச்சொல்லையோ தனிச்சாவியையோ ரவுட்டர் அமைப்புக் கோப்பையோ மட்டும் எந்த இணையக் கருவியிலும் ஒட்டாதே, எவ்வளவு அவசரமானாலும்.

இன்னொன்று. இந்தக் கருவிகள் எல்லாம் இணையம் இருந்தால்தான் வரும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது இந்தக் கடற்கரையில் மின்சாரமே இல்லை. அப்படிப்பட்ட நாளில் உனக்குத் தேவை உன் மடிக்கணினியிலேயே நிறுவிய கருவிகளும், ஐபி முகவரிகள், ஸ்விட்ச் போர்ட்டுகள், சேவை நிறுவனத்தின் தொலைபேசி எண்கள் எழுதிய ஒரு தாளும்தான். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் அந்தத் தாளை எழுதி, ஒரு படியைச் சர்வர் அறைக் கதவில் ஒட்டிவிடு. இன்னொரு படியை நீ இல்லாத நாளில் வேலை பார்ப்பவரிடம் கொடு.

அன்புடன்,
உன் அண்ணன்