கையெழுத்துக்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

புதிதாகத் தொடங்கிய ஒரு சிறு நிறுவனம் உன் ஆய்வகத்தோடு சேர்ந்து வேலை செய்யக் கேட்கிறது, ஒப்புக்கொள்ளலாமா என்று எழுதியிருந்தாய். தாராளமாக ஒப்புக்கொள். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஜெனென்டெக் நிறுவனம் பிறந்த கதையைத் தெரிந்துகொள்.

1976ஆம் ஆண்டு. 28 வயது ராபர்ட் ஸ்வான்சன், சான் பிரான்சிஸ்கோவில் பேராசிரியர் ஹெர்பர்ட் போயரைச் சில நிமிடம் பார்க்கப் போனார். பேச்சு மணிக்கணக்கில் நீண்டது. ஆளுக்கு 500 டாலர் போட்டுத் தொழில் தொடங்கினார்கள். பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலின் தயாரிப்பதுதான் நோக்கம். சொந்த ஆய்வகம்கூடக் கிடையாது. போயரின் பல்கலைக்கழக ஆய்வகத்திலும், லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவ மையத்திலிருந்த ஆர்த்தர் ரிக்ஸ், கெய்ச்சி இடகுரா ஆகியோரிடமும்தான் வேலை நடந்தது.

ஸ்வான்சனுக்கு நேரே இன்சுலின் வேண்டும். சந்தை இருப்பது அதற்குத்தான். ரிக்ஸும் இடகுராவும் முதலில் சொமட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனைச் செய்து பார்ப்போம் என்றார்கள். இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள், இந்த ஹார்மோனில் 14தான். வேதியியல் முறையில் கட்டிய மரபணுவை வைத்துப் பாக்டீரியா மனித ஹார்மோனைச் செய்யுமா என்ற சந்தேகத்தைச் சின்ன மூலக்கூறிலேயே தீர்த்துக்கொள்ளலாம் அல்லவா? ஸ்வான்சன் அரைமனதோடு இணங்கினார். முதல் முயற்சியில் ஹார்மோன் கிடைக்கவே இல்லை. பாக்டீரியாவின் நொதிகள் அதைச் சிதைத்துவிடுகின்றன என்று ஊகித்து, பெரிய புரதம் ஒன்றோடு சேர்த்துச் செய்யவைத்து, பிறகு வெட்டியெடுத்தார்கள். 1977இல் பலித்தது. அதே உத்தியில் 1978இல் இன்சுலினும் வந்தது. நேரே இன்சுலினில் இறங்கியிருந்தால் அந்தத் தோல்வி நிறுவனத்தையே விழுங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆகவே நிறுவனம் தன் இலக்கைச் சொன்னதும், அதற்கு முன் தீர வேண்டிய மிகச் சிறிய சந்தேகம் எது என்பதை நீ எழுதிக் காட்டு. அதற்குப் பணமும் கால அவகாசமும் தர மறுத்தால் அவர்களோடு சேராதே.

வெளியீட்டைப் பற்றியும் கவலைப்பட்டிருந்தாய். ஜெனென்டெக் குழுவினர் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு, 1977 டிசம்பரிலேயே சொமட்டோஸ்டாட்டின் கட்டுரையை ஆய்விதழில் வெளியிட்டார்கள். நீயும் அந்த வரிசையைக் கேள்.

ஆனால் ஜெனென்டெக்குக்கும் சிட்டி ஆஃப் ஹோப்புக்கும் இருந்த உறவு நீதிமன்றம் வரை போனது. சிட்டி ஆஃப் ஹோப்புக்கு ராயல்டி உண்டு என்று ஒப்பந்தம் இருந்தது. ஜெனென்டெக் பிற நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்துப் பெற்ற தொகையிலும் பங்கு உண்டா என்பதில்தான் சிக்கல். இரு தரப்பும் ஒரே ஒப்பந்தத்தை வேறுவேறாகப் படித்தன. 2008இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சுமார் 30 கோடி டாலர் இழப்பீட்டை உறுதிசெய்தது.

அதனால் வரைவு வந்ததும் கேள்: உரிமத்தை வேறொருவருக்குக் கொடுத்தால் என்ன? நிறுவனமே கைமாறினால்? காப்புரிமைக்காக உன் மாணவியின் ஆய்வேட்டை எத்தனை மாதம் நிறுத்திவைக்கலாம்? பதில்கள் எழுத்தில் வரட்டும். எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
அண்ணன்