ஊக்கி மருந்தும் அதன் நேரமும்

‘மாத்திரை கொடுத்தும் மாலையில் பிள்ளை நோட்டைத் தொடுவதில்லையே’ என்று பெற்றோர் எங்களிடம் வருந்துவதுண்டு. பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், மாத்திரை கொடுத்த நேரத்தைப் பார்க்குமாறு நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு உடையவர்க்குச் செய்யவேண்டியது இன்னதென்று தெரியும். அதைத் தொடங்குவதும், தொடங்கியபின் விடாது தொடர்வதுமே அரிதாக உள்ளது. இது சோம்பல் அன்று. கவனத்தை நெறிப்படுத்தும் முன்மூளைப் பகுதியில் டோபமின், நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருள்கள் செய்தி கடத்துகின்றன. நரம்புச் செல்கள் அவற்றை விரைவில் திரும்ப உறிஞ்சிக்கொள்வதை மெத்தில்பெனிடேட் தடுக்கிறது. 1944இல் சுவிட்சர்லாந்தில் உருவாக்கப்பட்ட இம்மருந்தே நம் நாட்டில் இக்குறைபாட்டுக்குப் பெரிதும் வழங்கப்படும் ஊக்கி மருந்து.

சாதாரண மாத்திரை அரைமணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வேலைசெய்யத் தொடங்கி, ஏறத்தாழ 3 முதல் 4 மணி நேரம் நிற்கும். மெதுவாகக் கரையும் வகை 8 மணி நேரமோ அதற்கு மேலோ நிற்கும். காலை 7 மணிக்கு உண்ட சாதாரண மாத்திரை மாலைப் பாடத்துக்கு எட்டாது. ஆகவே கடினமான வேலையை மருந்து நிற்கும் நேரத்துக்கு மாற்றுங்கள். அது இயலாதெனில் மருத்துவரிடம் சொல்லுங்கள், வகையையோ வேளையையோ அவர் மாற்றக்கூடும். அளவை நீங்களாகக் கூட்டவேண்டா.

நெடுங்காட்டு உழவர்க்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வரும் நாளில் நாற்று ஆயத்தமாக இல்லையெனில், வந்த நீர் கடலுக்குத்தான் போகும். மாத்திரை வேலைசெய்யத் தொடங்குமுன்னரே மேசையில் ஒரே ஒரு நோட்டை விரித்து, முதற்படியை மட்டும் எழுதி வைத்துவிடுங்கள். அந்நேரம் கையில் கைப்பேசி இருப்பின் கவனம் அதிலேயே ஊன்றிவிடும். குடும்ப அட்டை விண்ணப்பத்தை மாதக்கணக்கில் தள்ளிப்போடும் பெரியவர்க்கும் இதே முறைதான்.

பசி குறைதல், உறக்கம் தள்ளிப்போதல், நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்று உயர்தல் ஆகியவை நேரலாம். காலையுணவுக்குப் பின் மாத்திரை கொடுப்பது நன்று. பிள்ளைகளின் எடையையும் உயரத்தையும் நாங்கள் அளந்து வருவது இதனாலேயே. குடும்பத்தில் இதயநோய் இருப்பின் மறையாது கூறுங்கள்.

இம்மருந்து மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் உள்ளது. தனி உரிமம் பெற்ற கடைகளே விற்கலாம். சீட்டு இரு படிகளாக வேண்டும். ஒரு படியைக் கடைக்காரர் 2 ஆண்டுகள் வைத்திருப்பார். அருகிலுள்ள கடையில் கிடைக்காமற் போகலாம் என்பதால், ஒரு வாரத்துக்குரிய மாத்திரை மீதமிருக்கும்போதே பழைய சீட்டுடன் வாருங்கள்.