பிரித்த பெட்டிக்கு எத்தனை நாள் கெடு?

கணினிப் பாகம் வாங்க ஒரு காலத்தில் திருச்சிக்காரர்கள் ராத்திரி வண்டி ஏறி, சென்னை ரிச்சி தெருவில் போய் நிற்பார்கள். இப்போது துவாக்குடி விடுதியில் இருக்கும் மாணவரும் ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் டி.டி.பி. மையம் வைத்திருப்பவரும் செல்போனிலேயே மதர்போர்டு தேடுகிறார்கள். 2025 கடைசியில் ரேம் விலை எகிறிய பிறகு, 'ஓப்பன் பாக்ஸ்' என்று போட்டிருக்கும் பொருள்மேல் கண் போகாதவர்கள் குறைவு. யாரோ வாங்கிப் பிரித்துத் திருப்பி அனுப்பியதை விலை குறைத்து மறுபடி விற்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அதைப் பற்றி ஊரில் உலவும் பேச்சை நம்பினால் பணம் போய்விடும். அப்படிப்பட்ட சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

"டெலிவரிக்கு வர்றவரே பிரிச்சுக் காட்டுறாரே, அதுதானே ஓப்பன் பாக்ஸ்?"

இல்லை. அது ஓப்பன் பாக்ஸ் டெலிவரி. புத்தம்புதுப் பொருளையே வாசலில் வைத்து உங்கள் கண்முன் பிரித்துக் காட்டும் ஏற்பாடு. பார்த்துத் திருப்தியானால்தான் ஓடிபி சொல்ல வேண்டும். ஓடிபி சொல்லிவிட்டால், 'சரியான பொருள்தான் வந்தது' என்று நீங்கள் கையெழுத்துப் போட்டதாகவே விற்பனைத் தளம் எடுத்துக்கொள்ளும்.

2022 செப்டம்பரில் பண்டிகைத் தள்ளுபடியில் லேப்டாப் வாங்கிய ஓர் ஐ.ஐ.எம். பட்டதாரிக்குப் பெட்டிக்குள் துணி சோப்பு வந்த செய்தி நாடு முழுக்க ஓடியது. வீட்டில் அதை வாங்கி வைத்தவர் அவருடைய அப்பா. பிரித்துப் பார்த்த பிறகுதான் ஓடிபி சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. முதலில் கைவிரித்த நிறுவனம், செய்தி பரவிய பிறகு பணத்தைத் திருப்பித் தந்தது.

பிள்ளைகள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் ஸ்ரீரங்கத்தில் நிறைய. வெளியூரிலிருந்து ஆர்டர் போட்டுவிட்டு, "அப்பா, ஒரு நம்பர் வரும், சொல்லிடுங்கோ" என்று மட்டும் சொல்லி வைக்காதீர்கள். பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். அது முடியாதென்றால், வேலை பார்க்கும் ஊரிலேயே வாங்கிச் சோதித்துவிட்டு ஊருக்குக் கொண்டுவாருங்கள்.

"சீல்தான் உடைஞ்சிருக்கு, உள்ளே எல்லாம் புதுசு"

பல சமயம் உண்மைதான். இன்டெல் போர்டுக்கு ஏஎம்டி பிராசஸர் வாங்கியவர், கேபினட்டுக்குள் நுழையாத நீளத்தில் கிராபிக்ஸ் கார்டு வாங்கியவர், வாங்கிய மறுநாளே விலை குறைந்ததைப் பார்த்தவர் என்று பலரும் திருப்பி அனுப்புகிறார்கள். அப்படி வந்த பொருளில் குறை எதுவும் இருக்காது. ஆனால் சிலர் புதுக் கார்டை எடுத்துக்கொண்டு, பழைய கார்டை அதே பெட்டியில் வைத்து அனுப்புவதும் உண்டு. கிடங்கில் அதைச் சரியாகப் பார்க்காமல் விட்டால் அடுத்து அது உங்கள் வீட்டுக்கு வரும். வேலை செய்யாது என்று திரும்பி வந்தது, மேலோட்டமாகப் பார்க்கப்பட்டு மறுபடி விற்பனைக்கு வருவதும் உண்டு.

என் பார்வையில், அந்த விலைக் குறைப்பு நீங்கள் செய்யப்போகும் சோதனைக்கான கூலி. சோதிக்க நேரமோ கருவியோ தெரிந்த ஆளோ இல்லாதவர் அந்தக் கூலியை வாங்கக் கூடாது. திருப்பி அனுப்பும் கெடு பெரும்பாலும் ஏழு நாளோ பத்து நாளோதான். பொருளுக்குப் பொருள், விற்பவருக்கு விற்பவர் மாறும். பரீட்சை முடியட்டும், தீபாவளி கழியட்டும் என்று பரண்மேல் ஏற்றி வைத்தால் கெடு தானாக முடிந்துவிடும். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் ஸ்ரீரங்கத்து வீதிகளில் வண்டி நுழைய முடியாத நாட்களில் பொருள் வந்து சேரும்படி ஆர்டர் போடாமல் இருப்பதும் நல்லது. திருப்பி எடுக்க வருகிறவருக்கும் அதே வீதிதான்.

முதலில் பார்க்க வேண்டியது சீரியல் நம்பர். பெட்டி, பாகம், பில் மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். பில்லில் எண் இல்லையென்றால் அன்றே எழுதிக் கேளுங்கள்.

மதர்போர்டு என்றால் பிராசஸரைப் பொருத்துமுன் சாக்கெட்டைப் பாருங்கள். இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் அந்தப் பெயர் சொல்வதுபோலவே 1700 பின்கள், தலைமுடி கனத்தில். செல்போன் டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக நிற்கும் பின்களின் நுனிகள் வரிசையாக ஒரே சாய்வில் மின்னும். வளைந்த பின் இருக்கும் இடத்தில் அந்த வரிசை உடைந்து ஒரு கறுப்புப் புள்ளியோ, தனியாக ஒரு பளபளப்போ தெரியும். தெரிந்தால் கை வைக்காதீர்கள். அப்படியே படம் எடுங்கள். பிராசஸரை ஒரு தடவை வைத்து எடுத்துவிட்டால், பின்னை வளைத்தது நீங்கள்தான் என்று ஆகிவிடும். அதை மறுக்க உங்கள் கையில் எதுவும் இருக்காது. வளைந்த பின்னை வாரண்டியும் பெரும்பாலும் ஏற்காது. சாக்கெட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியையும் தூக்கிப் போடாதீர்கள். திருப்பி அனுப்பும்போது கேட்பார்கள்.

ஹார்ட் டிஸ்க்கில் வேறு தந்திரம். எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கை டிஸ்க்கே தன்னுள் எழுதி வைத்திருக்கும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதைக் காட்டிவிடும். எஸ்எஸ்டியானால் எவ்வளவு எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துக் காட்டும். ஆனால் அந்தக் கணக்கையே பூஜ்யமாக்கவும் ஆள் இருக்கிறது. 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹெய்ஸே இதழ் ஒரு மோசடியை வெளிக்கொண்டுவந்தது. புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் டிஸ்க்குகளில் வழக்கமான கணக்கு அழிக்கப்பட்டிருந்தது. சீகேட் தனியாகப் பதிந்து வைக்கும் ஃபார்ம் என்ற பதிவேட்டைத் திறந்தால் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியிருப்பது தெரிந்தது. கடையில் 'புதுசு' என்று வாங்கியவர்களுக்கே இந்த நிலை என்றால், ஓப்பன் பாக்ஸ் சீகேட் டிஸ்க் வாங்குகிறவர் ஃபார்ம் பதிவையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் மலிவு விலை பார்த்தால் கொஞ்சம் நில்லுங்கள். அவற்றில் பல, தேவைக்கு மேல் மின்னழுத்தம் வாங்கி நாளடைவில் நிலைகுலைந்தன. 2024 ஆகஸ்டில் இன்டெல் திருத்தம் வெளியிட்டு, பாதிக்கப்படக்கூடிய ரகங்களுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டு கூட்டியது. அந்தத் திருத்தம் இனிமேல் வரும் சேதத்தைத் தடுக்குமே தவிர, முந்தைய சொந்தக்காரர் கையில் ஏற்கெனவே நடந்த சேதத்தைச் சரிசெய்யாது.

கிராபிக்ஸ் கார்டை நடுப்பகலில் சோதியுங்கள். குளுகுளு அறையில் ராத்திரி பத்து நிமிடம் ஓடுகிற கார்டு, தில்லை நகர் மாடி அறையில் கத்திரி வெயிலில் ஒரு மணி நேரம் தாங்குமா என்பதுதான் கேள்வி. ரேமுக்கு ராத்திரி மெம்டெஸ்ட் ஓடவிட்டுத் தூங்கலாம், இன்வெர்ட்டரோ யுபிஎஸ்ஸோ இருந்தால். சோதிக்க இவ்வளவு எளிது என்பதால் ஓப்பன் பாக்ஸில் தைரியமாக வாங்கக்கூடியது ரேம் என்று சொல்வேன்.

பவர் சப்ளை மட்டும் வேண்டாம். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள பவர் சப்ளையில், அந்தக் கேபிள் சப்ளையோடு சேரும் முனைக்குப் பொதுத் தரம் கிடையாது. ஒரு நிறுவனத்தின் கேபிள் இன்னொன்றில் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போகலாம். திருப்பி அனுப்பியவர் வேறு கேபிளை மாற்றிப் போட்டிருந்தால், சுவிட்சைப் போட்ட நொடியில் உங்கள் டிஸ்க் எரிந்துவிடும். ஆயிரம் ரூபாய் மிச்சம் பார்க்க ஆசைப்படும் இடம் இதுவல்ல.

"கம்பெனி வாரண்டி முழுசா இருக்கும்"

யாருடைய வாரண்டி, எந்தத் தேதியிலிருந்து என்று பாருங்கள். முதல் ஆள் வாங்கிய நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கலாம். விற்பவர் தரும் ஆறு மாத உத்தரவாதம் மட்டுமே இருக்கலாம். அட்டைப் பெட்டி இல்லாமல் 'ட்ரே' என்று விற்கப்படும் இன்டெல் பிராசஸருக்கு இன்டெல் நேரடியாக வாரண்டி தராது, விற்றவரைத்தான் கேட்க வேண்டும். பெட்டியோடு வருவதற்கு மூன்று ஆண்டு உண்டு. சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. கெடு முடிவதற்குள் பாருங்கள்.

"ஓப்பன் பாக்ஸ்னா திருப்பவே முடியாது", "ஆன்லைன்ல எது வாங்கினாலும் திருப்பிடலாம்"

இரண்டும் தவறு. பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்பதற்காகத் திருப்பும் உரிமை இந்தியச் சட்டத்தில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கியதைக் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பலாம். இங்கே அந்த வசதி விற்பவர் விரும்பித் தருவது மட்டுமே. 'மாற்றித் தருதல் மட்டும்' என்று போட்டிருந்தால் அதுதான் ஒப்பந்தம்.

ஆனால் பொருள் பழுது, போலி, சொன்னதற்கு மாறானது என்றால் கதை வேறு. அப்படிப்பட்டதைத் திரும்பப் பெறவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020இன் நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகள் சொல்கின்றன. ஓப்பன் பாக்ஸுக்கு அதில் விலக்கு இல்லை. பெட்டியில் கீறல் இருக்கலாம் என்று சொல்லி விற்றால் கீறலுக்காக நீங்கள் சண்டை போட முடியாது. வேலை செய்யாத பாகத்துக்குப் போடலாம். பழையதைப் புதிது என்று சொல்லி விற்பதும், பில் தராமல் இருப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை.

இது ஆன்லைனுக்கு மட்டுமல்ல. நம் ஊர்க் கடை பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருப்பார்கள். அந்த வரியைப் பார்த்தே பலர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் கெடு சொல்லியிருந்தால் அதற்குள், சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்ப மறுப்பதையும் அதே சட்டம் நேர்மையற்ற நடைமுறை என்கிறது.

"டெல்லிக்காரன்மேல கேஸ் போட டெல்லிக்கா போவ?"

போக வேண்டாம். இந்த ஒன்றை நம் ஊரில் பலருக்குச் சொல்லியாக வேண்டும். 1986 சட்டத்தில் எதிராளி தொழில் நடத்தும் இடத்திலோ, பிரச்சினை எழுந்த இடத்திலோதான் வழக்கு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அந்த 2019 சட்டம், நுகர்வோர் வசிக்கும் இடத்திலேயே, வேலை பார்க்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்றது. ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவர் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

டி.டி.பி. மையத்துக்கு வாங்கினேன், அது வியாபாரம் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். சுயதொழிலாக, சொந்தப் பிழைப்புக்காக வாங்கிப் பயன்படுத்துகிறவரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

வழக்குக்கு முன்பு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு விற்பனைத் தளத்துக்கும் குறைதீர் அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்டில் பேசிப் பேசிக் கெடுவைத் தொலைக்காமல், பேச்சு நின்ற அன்றே அவருக்கு எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிந்துவிடுங்கள். "நாங்கள் இடைத்தரகர் மட்டும்" என்ற பதிலைக் கேட்டு அடங்க வேண்டாம். தரமற்ற பிரஷர் குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டுக்கும் 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலா ஒரு லட்சம் அபராதம் விதித்தது. அவை டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின என்பதும் உண்மை. ஆனாலும் இடைத்தரகர் என்ற ஒரே சொல்லோடு விவகாரம் முடிந்துவிடுவதில்லை.

"வீடியோ எடுக்கலைன்னா ஒண்ணும் பண்ண முடியாது"

வீடியோ வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. பில், சீரியல் நம்பர், அன்றே அனுப்பிய புகார், படங்கள் எல்லாமே சாட்சிதான். பழுது என்பதை நிரூபிக்கப் பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. இருந்தாலும் எடுத்து வைப்பது நல்லது. முகவரிச் சீட்டிலிருந்து சீரியல் நம்பர் வரை ஒரே ஓட்டமாக, நடுவில் நிறுத்தாமல் எடுங்கள். பலரும் மறப்பது மறுபக்கத்தை. திருப்பி எடுக்க ஆள் வரும்போதும் எடுங்கள், அதே சீரியல் நம்பரைக் காட்டி, பெட்டியை மூடி ஒட்டும் வரை. 'வேறு பொருளை அனுப்பிவிட்டீர்கள்' என்று சொல்லி ரீஃபண்டை நிறுத்தினால் அந்த வீடியோதான் பேசும். எடுத்துப் போனவர் தரும் ரசீதைப் பணம் வங்கிக்கு வந்து சேரும்வரை வைத்திருங்கள்.

திருப்புவது எஸ்எஸ்டியோ ஹார்ட் டிஸ்க்கோ என்றால் சும்மா ஃபார்மட் அடித்து அனுப்பாதீர்கள். அவசரத்துக்கு அடிக்கும் குயிக் ஃபார்மட், கோப்புகளின் பட்டியலைத்தான் அழிக்கிறது. அது அடுத்து ஓப்பன் பாக்ஸாக இன்னொருவர் கைக்குப் போகும், உங்கள் ஆதார் நகலும் குடும்பப் படங்களும் அதில் மீட்கும் நிலையில் இருக்கலாம். தயாரிப்பாளரின் மென்பொருளில் இருக்கும் முழு அழிப்பை ஓடவிட்ட பிறகு பெட்டியை ஒட்டுங்கள்.